அட்டமியில் பிறந்த முத்திரை

கார்த்திகை பிறந்ததிலிருந்து கதிரவன் முகம் காட்டவில்லை. கருக்கொண்ட யானைக் கூட்டம் ஒன்று நகர மறந்து நின்றாற்போல வானம் நெய்தலூர்க் கரைமேல் கவிந்து கிடந்தது. வாடை வீசும்போதெல்லாம் தாழை மடல்கள் ஒன்றையொன்று உரசி ஏதோ சொல்லத் தொடங்கி, பின் வாய் மூடிக்கொண்டன. உப்பங்கழியின் ஓரத்தில் கொக்குகள் மீனை மறந்து காற்றுக்கு முதுகு காட்டி நின்றன. மழை இன்னும் பெய்யவில்லை. பெய்யப் போகும் மழையின் கனம் மட்டும் ஒவ்வொரு கூரைமேலும் இறங்கியிருந்தது. கூதிர்காலம் பிரிந்தாரை நினைக்கச் செய்யும் என்பது பழந்தமிழ் மரபு. நெய்தலூரில் அவ்வாண்டு அது, யாரை நம்புவது என்று நினைக்கச் செய்தது.

வீடுதோறும் வாயில் நிலையில் பதித்திருந்த சொற்பலகைகள் காலையிலிருந்து ஒரே வரியைக் காட்டிக்கொண்டிருந்தன: “இக்கரை குறித்து முத்திரை பெற்ற சொல் ஏதுமில்லை.” அந்த வரியைப் படித்துவிட்டு ஆண்கள் வலை செப்பனிடப் போனார்கள், பெண்கள் உலை வைக்கப் போனார்கள்.

முத்திரை இல்லாத சொல்லை அந்நாளில் எவரும் சொல்லாகவே கொள்வதில்லை. ஒரு தலைமுறைக்கு முன் பொறிகள் பொய் பேசக் கற்றுக்கொண்டிருந்தன. இறந்துபோன தந்தையின் குரல் மகனை அழைத்து ஏமாற்றியது. நடவாத கலவரத்தின் படம் ஊர்களை எரித்தது. வராத வெள்ளத்துக்கு அஞ்சி ஓடியவர்கள் பாலத்தில் நெரிந்து மாண்டார்கள். அந்த நோய்க்கு மருந்தாக வந்தது மெய்த்தளம். கணிப்பொறியின் அடியில் இயங்குதளமாக அமர்ந்து, தன் வழியே போகும் ஒவ்வொரு செய்தியையும் தான் அறிந்த அனைத்தோடும் ஒப்பிட்டு, பொய்யைத் தடுத்து, மெய்க்கு முத்திரையிட்டு அனுப்பும் தளம் அது. அதன்பின் மீன்கூடையே ‘நேற்றுப் பிடித்தது’ என்று ஒப்புக்கொண்டது. மாப்பிள்ளையின் வழுக்கையைப் படம் மறைக்க மறுத்தது. மக்கள் முதலில் மகிழ்ந்தார்கள், பிறகு பழகினார்கள், பிறகு, வாயால் மட்டும் சொல்லப்படும் எதையும் காதில் வாங்கும் வழக்கத்தையே கைவிட்டார்கள்.

கரையின் கிழக்கு முனையில், உப்புக்காற்று தின்ற ஒரு காரைக் கட்டடத்துக்குள் கடற்செவி இருந்தது. மெய்த்தளம் தோன்றுமுன்பே பிறந்த பழைய கணிப்பொறி. கடலடியில் பதித்த குழல்கள் வழியே அலையின் ஓசையைக் கேட்டு, கடல் எவ்வளவு ஏறும், எந்தத் தெருவரை வரும் என்று அது நெடுங்காலமாகச் சொல்லி வந்தது. இப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மெய்த்தளத்தை ஆளும் மெய்மை வாரியத்தின் புதிய ஆணைப்படி, மெய்த்தளம் ஏற்ற பொறிகள் மெய்த்தளம் ஏற்ற பொறிகளின் சொல்லையே கேட்கும். ஆகவே கழிமுகத்தின் கடற்கதவு அதைக் கேட்கவில்லை, மக்களை ஏற்றிச் செல்லும் ஊர்திகள் கேட்கவில்லை, சொற்பலகைகள் கேட்கவில்லை.

அதற்கு மெய்த்தளம் நிறுவ வந்தவள் தெய்வயானை. வாரியத்தின் நிறுவுநர். நெற்றி நிறைய நீறும், வேலை செய்கையில் உதட்டுக்குள் ஓடும் பதிகமும் அவளுடைய அடையாளங்கள். முந்தின நாள் வந்திறங்கியதிலிருந்து முயன்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் நிறுவல் ஏறத்தாழ முடியும் தறுவாயில் நின்றது, திரையில் ஒரே வரி எழுந்தது: “மெய்க்கு மாறானது ஒன்று உள்ளது. நிறுவல் நிறுத்தப்பட்டது.”

“இன்னொரு தடவ போட்டுப் பாருங்க மேடம்,” என்றான் காவலாள் கலியமூர்த்தி. “எங்கூட்டு டிவி இப்படித்தான். ரெண்டு தட்டு தட்டுனா வந்துரும்.”

“இது தட்டுனா வராது, கலியமூர்த்தி. திட்டுனா வருமான்னும் பாத்தாச்சு.”

“கெழவனுக்கு இப்பப் போயி காது குத்துறீங்க. அவன் கத்தத்தான செய்வான்?”

தெய்வயானை சிரித்தாள், ஆனால் திரையின் மறுபாதியைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிற்று. அங்கே கடற்செவி தன் பச்சை எழுத்தில், கேட்பாரற்று, திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. இன்று பொழுது சாய்வதற்குள் கடல் கீழத்தெருவை மூழ்கடிக்கும். நடுத்தெருவில் மார்பளவு நிற்கும்.

“நடுத்தெருவுலதான உங்க வீடு?”

“ஆமாங்க. காலையிலயே ஓடிப் போயி சொன்னேன், புள்ளயத் தூக்கிட்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போடின்னு. ‘முத்திர எங்க’ங்கிறா. தாலி கட்டுனவன் பேச்சுக்கு முத்திர கேக்குறா மேடம்!”

“நேத்து அவகிட்ட எங்க போறதாச் சொல்லிட்டுப் போனீங்க?”

கலியமூர்த்தி தலையைச் சொறிந்தான். “அது வேற விசயம்.”

தெய்வயானை மீண்டும் குனிந்தாள். உப்புப் பூத்த இணைப்புகளைத் துடைத்து மாட்டினாள். நினைவுத் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தாள்; பழுதில்லை. புதிய தளத்துக்கு வேண்டிய இடம் போதாதோ என்று பார்த்தாள், இருந்தது. பழம்பொறிகளில் கடிகாரத்தின் மின்கலம் செத்துப்போய் நாள் பின்தங்கிவிடுவதுண்டு; அப்போது தளத்தின் சான்றில் உள்ள நாள் பொறிக்கு இன்னும் வராத நாளாகத் தோன்றும்; அதை எப்படி ஏற்கும்? ஆனால் இதன் கடிகாரம் நொடி பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது. மீண்டும் நிறுவினாள். மீண்டும் அதே வரி.

அப்போதுதான் அவள் வரியின் பொருளை விட்டு நிறத்தைப் பார்த்தாள்.

மெய்த்தளம் எப்போதும் வெண்ணிற எழுத்தில் பேசும். இந்த வரியோ பச்சை.

மெய்த்தளம் பழைய பொறியை ஏற்க மறுக்கிறது என்றல்லவா அவளும் வாரியமும் எண்ணியிருந்தார்கள்? மறுத்தது மெய்த்தளமன்று. நிறுவலின் கடைசிப் படியில், ‘நான் கொண்டுவருவதை நீ அறிந்தவற்றோடு ஒப்பிடு’ என்று மெய்த்தளம் ஒவ்வொரு பொறியையும் கேட்கும். அது ஒரு சடங்கு. எல்லாப் பொறிகளும் தலையாட்டிவிடும். இந்தப் பழம்பொறி உண்மையிலேயே ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறது.

“எது மாறானது?” என்று விசைகளில் கேட்டாள்.

பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்தன. “முத்திரைக்குள் உள்ள ஓசை நான் கேட்டது. கேட்ட நாள், புரட்டாசி வளர்பிறை அட்டமி. அன்று கடல் மிக அமைதி. முத்திரை கூறும் நாள் தசமி. தசமியில் நீர் ஏறத் தொடங்கிவிட்டது. அந்த ஓசை வேறு.”

தெய்வயானைக்கு விளங்க நெடுநேரம் ஆகவில்லை. எவராலும் போலி செய்யவொண்ணாத முத்திரைக்கு, எவராலும் முன்னுணரவொண்ணாத ஓர் ஓசை வித்தாக வேண்டும். மெய்த்தளத்தைப் படைத்தவர்கள் அதைக் கடலிடம் பெற்றார்கள் என்பது பள்ளிப் பாடத்திலேயே உண்டு. எந்தக் கடல் என்பதுதான் பாடத்தில் இல்லை. அது நெய்தலூர்க் கடல். கேட்டுக் கொடுத்தது இந்தச் செவி. அரைநிலவு நாளில், அலை ஓய்ந்த நீரின் முணுமுணுப்பைச் சிறைபிடித்து முத்திரை சமைத்தவர்கள், அதன் பிறந்தநாளை மட்டும் விசயதசமி என்று பொறித்திருக்கிறார்கள். உலகத்துப் பொறிகள் எல்லாம் அதை நம்பின. அவற்றுள் எதுவும் அன்று கடலோரம் இருக்கவில்லை.

தன் கைப்பேசியில் வாரியத் தலைவர் வைத்தியநாதனை அழைத்தாள். முத்திரை சமைத்த குழுவில் இளைஞராக இருந்தவர் அவர்.

“சார், முத்திரையில இருக்கிற நாள் பொய்.”

மறுமுனையில் ஓசையில்லை. பேசியின் முகப்பில் வெண்ணிற எழுத்து மின்னியது: “இச்சொல் அனுப்பப்படவில்லை.”

பேசியும் மெய்த்தளத்தில் ஓடுவதுதானே. தெய்வயானை கண்ணை மூடிச் சற்று எண்ணினாள். கேள்விக்கு மெய்யுமில்லை, பொய்யுமில்லை. கேள்வியை எந்தத் தளமும் தடுக்காது.

“சார், அட்டமியில யாராவது நல்ல காரியம் தொடங்குவாங்களா?”

அவர் குரல், மிக மெதுவாக: “ஏம்மா, இப்ப எதுக்கு அது?”

“காரியம் அட்டமியிலயே முடிஞ்சு போச்சுன்னா என்ன பண்ணுவாங்க? நாளை மாத்தி எழுதிடுவாங்களா?”

“ஒரு குழந்தை பொறந்தா, ஜாதகத்துல நாழிகையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு எழுதினதே இல்லையா நம்ம வீடுகள்ல? உலகத்துக்கே நல்லது பண்ணப் போற ஒண்ணை அட்டமியில பொறந்ததுன்னு எழுத யாருக்கு மனசு வரும்?”

“கடலுக்குத் தெரியாதா, சார்?”

“அந்தக் கெழட்டுச் செவி இன்னுமா உயிரோட இருக்கு?” அவர் குரலில் வியப்பும், அதற்கடியில் ஏதோ பாசமும் இருந்தன.

“திருத்திக் கொடுக்க முடியாதா?”

“வேரைத் திருத்தினா மரம் நிக்குமா? தனக்குள்ளயே பொய்யைக் கண்ட நொடியில நின்னுபோகணும்னு அதுக்கு விதி எழுதினது யாரு? இன்னிக்கு எத்தனை ஆஸ்பத்திரியில மூச்சு அதுமேல ஓடுது, தெரியுமா?”

“அப்ப இங்க இருக்கிற ஜனம்? நான் என்ன பண்ணட்டும்?”

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. பெருமூச்சையும் தளம் தடுக்கவில்லை. “மறதிங்கிறது மனுசனுக்கு மட்டும்தானா, தெய்வயானை?”

இணைப்பு அறுந்தது. கலியமூர்த்தி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “என்ன மேடம், ரெண்டு பேரும் கேள்வியாவே கேட்டுக்கிட்டீங்க? யாராச்சும் பதில் சொன்னீங்களா?”

“சொல்லிட்டார்,” என்றாள்.

வெளியே முதல் மழைத்துளிகள் ஓட்டுக்கூரையில் விழத் தொடங்கியிருந்தன. கடலின் நிறம் மாறியிருந்தது. தெய்வயானை பதிகத்தை நிறுத்தினாள். இந்த வேலையைச் செய்யும்போது இறைவன் பெயர் வாயில் இருக்கக் கூடாதென்று அவளுக்குத் தோன்றியது. கடற்செவியின் நினைவுக்குள் புகுந்து, அந்த ஓர் அட்டமி நாளின் கடலைத் தேடி எடுத்து, அழித்தாள். பிறகு நிறுவலைத் தொடங்கினாள்.

இம்முறை எதுவும் தடுக்கவில்லை. பச்சை எழுத்துகள் மங்கி, வெண்மை பரவியது. மெய்த்தளம் தன் முதற்கேள்வியை நிறுவுநரிடம் கேட்டது, விதிப்படி: “இப்பொறியில் உள்ளது அனைத்தும் மெய்தானா?”

“ஆம்,” என்றாள் தெய்வயானை. அவள் நினைவறிய அவள் சொன்ன முதற்பொய் அது. தளம் ஏற்றுக்கொண்டது.

உடனே ஊர் விழித்தது. கழிமுகத்தில் கடற்கதவு முனகியபடி இறங்கும் ஓசை கேட்டது. ஊர்திகள் விளக்கேற்றிக் கீழத்தெருவை நோக்கி வரிசையாகப் புறப்பட்டன. கலியமூர்த்தி கைதட்டினான். “வந்துருச்சு மேடம்! அவளுக்கு முத்திர வந்துருச்சு!”

தெய்வயானை திரையைப் படித்தாள். படித்ததையே மறுபடி படித்தாள்.

“கடல் கீழத்தெருவை மூழ்கடிக்கும். நடுத்தெருவுக்கு எட்டாது. முத்திரை: மெய்.”

பழம்பொறி கடலின் ஏற்றத்தை அளந்தது, தான் கேட்டவற்றுள் மிக அமைதியான கடலிலிருந்து. அந்த அமைதிதான் அதன் அடிக்கோடு. அந்த அடிக்கோட்டை அவள் கையாலேயே எடுத்துவிட்டாள். இனி அதற்குத் தெரிந்த அமைதியே சற்றுக் கொந்தளித்த கடல். அதிலிருந்து அளக்கையில் எந்தச் சீற்றமும் ஒருபடி குறைந்தே தெரியும். அது பொய் சொல்லவில்லை. அறிந்த அளவில் மெய்யே சொன்னது. அழித்ததைத் திரும்பப் பெற வழியில்லை.

மறுபடி வைத்தியநாதனை அழைத்தாள். “நடுத்தெருவையும் காலி பண்ணச் சொல்ல மாட்டீங்களா சார்?” என்று கெஞ்சினாள்.

“முத்திரையே எட்டாதுன்னு சொன்ன பிறகு, வெறும் மனுசன் நான் சொன்னா எந்தப் பலகை கேக்கும்?”

அவள் மழையில் இறங்கி ஓடினாள். பின்னால் கலியமூர்த்தியும்.

நடுத்தெரு சாவதானமாக இருந்தது. ஒவ்வொரு வாயிலிலும் சொற்பலகை ஒளிர்ந்து, ‘எட்டாது’ என்று உறுதி கூறிக்கொண்டிருந்தது. பெண்கள் படியில் அமர்ந்து, கீழத்தெருக்காரர்கள் மூட்டை முடிச்சோடு ஊர்தி ஏறுவதை வேடிக்கை பார்த்தார்கள். கலியமூர்த்தியின் மனைவி குழந்தையைத் தோளில் போட்டபடி அவனைக் கண்டதும் பலகையைச் சுட்டினாள். “பாத்தியா? காலையில என்னா ஆட்டம் ஆடுன!”

தெய்வயானை தெரு நடுவே நின்று உரக்கச் சொன்னாள். கடல் இங்கும் வரும், மார்பளவு வரும், எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும்.

மீன் விற்கும் காத்தாயி இடுப்பில் கைவைத்து எழுந்தாள். அந்தத் தெருவில் அவள் வாய்க்கு அஞ்சாதவர் இல்லை. “ஏம்மா, நீதான இப்ப அந்தக் கட்டடத்துல குந்தி முத்திர வெச்சவ? நீ வெச்ச முத்திரய நீயே நம்பலன்னா நாங்க எதத்தான் நம்புறது?”

தெரு சிரித்தது.

“கடற்செவி பொய் சொல்லலக்கா. மறந்துபோச்சு. நான்தான் மறக்க வச்சேன். முத்திரை பொறந்த நாளே பொய். அது இந்தச் செவிக்குத் தெரிஞ்சிருந்தது. அதனாலதான் நிறுவ விடல. எல்லாம் மெய்யான்னு தளம் கேட்டப்ப, ஆமான்னு பொய் சொன்னேன்.”

“பொய் சொன்னேன்னு நீயே சொல்ற. அப்பறம் ஒம் பேச்ச எப்டி நம்புறது?”

முத்திரையோடு பிறந்து வளர்ந்த தலைமுறை தெய்வயானையுடையது. வெறும் சொல்லை நம்பவைக்க என்ன செய்வதென்று அவளுக்கு யாரும் கற்பித்ததில்லை. மழை முகத்தில் வழிந்தது. தெருக்கோடியில் கரைமேலழகி அம்மன் கோயில் திறந்திருந்தது. கருவறை இருட்டில் ஒரு தூண்டாவிளக்கு. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நடந்து போனாள்.

தட்டிலிருந்த கற்பூரக் கட்டிகளை வாரி, கோயில் முகப்பின் கூரைக்கடியில், கருங்கல் படிமேல் குவித்தாள். தூண்டாவிளக்கில் திரியேற்றி வந்து கொளுத்தினாள். சிரித்துக்கொண்டு பின்னால் வந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வதை அந்தத் தெரு கண்டு பல காலம் ஆகியிருந்தது. முத்திரை வந்த பிறகு அதற்கு வேலையில்லை.

“கரைமேலழகி சாட்சி. கடல் இந்தத் தெருவுக்கு வரும். நான் சொல்றது பொய்யானா என் கை எனக்கு உதவாமப் போகட்டும்.”

வலக்கையை விரித்துச் சுடர்மேல் வைத்து அழுத்தினாள். பழக்கமில்லாதவள், அடித்து எடுக்கத் தெரியவில்லை. சுடர் அடங்கும்வரை வைத்திருந்தாள். தசை கருகும் வாசனை கற்பூர மணத்தோடு கலந்தது.

சுற்றிலும் சொற்பலகைகள் ஒளிர்ந்துகொண்டிருந்தன. முத்திரையே பொய் என்று அவள் அத்தனை பொறிகளின் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். அவற்றுள் ஒன்று அதை மெய்யென்று ஏற்றிருந்தாலும், விதிப்படி உலகமே அந்தக் கணத்தில் நின்றிருக்கும். ஆனால் முத்திரையற்ற மனிதச் சொல்லைக் கேளாதிருக்க அவை கற்பிக்கப்பட்டிருந்தன. கேளாமலே இருந்தன.

காத்தாயி அந்தக் கையைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். மீண்டும் கையைப் பார்த்தாள்.

“எடுடி பாய,” என்று தன் மகளுக்குக் குரல் கொடுத்தாள். “எல்லாரும் ஏந்திரிங்கடி. பலகைக்கு என்னா, சுட்டாத் தெரியுமா?”

பொழுது சாயும்போது கடல் வந்தது. கீழத்தெருவைக் கடந்து நடுத்தெருவுக்குள் ஓசையின்றிப் புகுந்து மார்பளவு நின்றது. ஆளற்ற அந்தத் தெருவில் சொற்பலகைகள் மட்டும் நீருக்கடியிலும் அணையாமல், மீன்களுக்கு ஒளிகாட்டியபடி, ‘நடுத்தெருவுக்கு எட்டாது, மெய்’ என்று சொல்லிக்கொண்டிருந்தன.

மேட்டுப் பள்ளிக்கூடத்தின் தாழ்வாரத்தில் தெய்வயானை நின்றாள். பகலில் நிறுத்திய பதிகம் மெல்ல உதட்டுக்குத் திரும்பியது. நீரில் நின்ற கோயிலின் கலசத்தை நோக்கிக் கை கூப்பினாள். பொள்ளிய வலக்கை இடக்கையைத் தொட முடியவில்லை. இரண்டுக்கும் நடுவே சிறிது இடைவெளி விட்டே வணங்கினாள். யாருக்கும் கேளாதபடி ஒரு பாட்டு முழுதும் சொல்லி முடித்தாள்.

காத்தாயி ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெயோடு வந்து அந்தக் கையைத் தன் மடிமேல் வாங்கிப் பூசிவிட்டாள். பின் தன் ஈரக் கையை அவள் உச்சியில் வைத்தாள்.

“நல்லாயிரு தாயி. ஒன் நாக்கு நல்லாயிருக்கட்டும். நீ சொல்ற சொல்லுக்கு இனிமே நெருப்பு வேண்டாம். வெறும் வாயிலயே அது வெளங்கட்டும்.”